இடப்பக்கம் தட்டிய பந்து

டூனாரா,
ஜூலை, 1978.

அன்பு மகள் டிம்ப்னாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பாஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவின் இடுப்பு தேவலை, தடி ஊன்றிக்கொண்டு கொட்டில் வரை போய் மாட்டைத் திட்டிவிட்டு வருகிறார், அந்த அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அடுப்புக்காகச் சதுப்பில் வெட்டி அடுக்கிய கட்டிகள் இன்னும் காயவில்லை, மழை விட்டால்தானே காய்வதற்கு. சின்னவனுக்கு இருமல் விடவில்லை என்று எழுதியிருந்தாய், அந்த ஊர் மருந்தையே நம்பிக்கொண்டிராதே, வாத்துக் கொழுப்பைச் சூடு பண்ணி நெஞ்சில் தேய்த்து ஃபிளானல் துணியைச் சுற்று, நாற்றமடிக்கிறது என்று பையன் அழுதால் அழட்டும். உன் கடிதத்தில் கடைசியாகக் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை, கையும் காலுமாக ஆடுகிற நம் பந்தாட்டத்துக்கு வருகிற ஊர்க்காரர்கள், உன் தம்பி ஜார்லத் குடித்துக் கெட்டுவிட்டான், அவன் கதை முடிந்தது என்று பேசிக்கொள்கிறார்களாம். அவன் ஒரு சொட்டுத் தொடவில்லை. நடந்தது வேறு. அதை உனக்குச் சொல்ல வேண்டுமானால் நீ பிறந்த வீட்டில் உனக்கே தெரியாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதனால் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

அவன் ஆட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ கப்பல் ஏறுவதற்கு முன்பே அவன் கொல்லையில் காலால் தட்டிக் கையில் வாங்கிக் கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடியவன்தானே. பதினெட்டு வயதுக்காரர்கள் அணியில் எடுத்தார்கள், அடுத்து இருபத்தொரு வயது அணி, அப்புறம் மாவட்டத்துக்கே ஆடுகிற கவுண்டி அணியே வந்து வாசலில் நின்றது. போன செப்டம்பரில் டப்ளினில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாற்சந்தி தோறும் தீ மூட்டினார்கள், அந்தக் கோப்பையை இந்த வீட்டு அடுப்படி மேசையில் வைத்து ஊரே அதில் விஸ்கி ஊற்றிக் குடித்தது, நான்தான் மறுநாள் கழுவிக் கொடுத்தேன். ஆனால் அவனிடம் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடப்பக்கம் யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தைக் கையால் தட்டிவிடுவான். பள்ளிக்கூட வாத்தியார் பிரம்பை எடுத்துப் பார்த்தார், பயிற்சி கொடுப்பவர்கள் கத்திப் பார்த்தார்கள், ஒன்றும் போகவில்லை. பெரிய ஆட்டங்களில் அதுவே அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, தடுக்க வருகிறவன் அங்கே யாரோ இருக்கிறான் என்று நினைத்து அந்தப் பக்கம் பாய்வான், இவன் தானே ஓடிப்போய்த் தன் பந்தை எடுத்துக்கொள்வான். பத்திரிகைக்காரர்கள் அதைத் தந்திரம் என்று எழுதினார்கள். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், ஏனென்றால் அது தந்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிம்ப்னா, ஜார்லத் தனியாகப் பிறக்கவில்லை. உனக்கு அப்போது ஆறு வயது, உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். முதலில் வந்தவன் மூச்சில்லாமல் வந்தான். மருத்துவச்சி அவனைத் துண்டில் சுற்றி ஜன்னலோரம் வைத்தாள், நான் கையை நீட்டியபோது, "பாக்காத ஹனோரா, இன்னொண்ணு வருது, அதப் பாரு" என்று சொன்னாள், அதற்குள் ஜார்லத் வந்துவிட்டான், கத்தலான கத்தல், அப்படியொரு கத்தல். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, மோட்சத்திலும் கிடையாது என்று அன்றைக்குச் சாமியார்கள் சொன்னார்கள், பேரும் வைக்கக் கூடாது. அப்பா ஒரு சின்னப் பெட்டி செய்து பொழுது சாய்ந்த பிறகு எங்கேயோ கொண்டுபோனார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் அப்படிப் போன குழந்தை இல்லாத வீடு குறைவு, ஆனால் யாரும் அதைப் பேச மாட்டார்கள், பேசாமல் பேசாமல் அப்படியோர் இடம் இருப்பதே இளவட்டங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது.

அப்பா இடுப்பைச் சரிபண்ண ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் கிளப்பின் மைதானத்தைப் புதுசாக்கினார்கள். சுற்றிச் சுவர் கட்டி, உட்காரப் படிகள் வைத்து, ஆயர் வந்து ஆசீர்வதித்துப் பந்தைத் தூக்கிப் போட்டுத் திறப்பதாக ஏற்பாடு. ஆற்றுப்பக்கத்து கோல் வாசல் எப்போதும் சேறாகக் குழைந்து கிடக்கும் அல்லவா, அங்கே மண்ணோடு வெட்டிய நல்ல புல்பத்தைகளைக் கொண்டுவந்து பதித்தார் கிளப் செயலாளர் மலாக்கி. எங்கிருந்து இத்தனை அழகான புல் என்று நான் கேட்டதற்கு, "கீழ்வயல் மூலையிலேர்ந்து மிஸ்ஸிஸ் கிரியலி. இந்த ஊருலயே அதான் நல்ல புல்லு. மாடு மேஞ்சதில்ல, ஏர் பட்டதில்ல, ஏன்னுதான் தெரியல, இவ்ளோ நாளா எவன் கண்ணுலயும் படாம கெடந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் ஏன் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் கட்டிப் படுத்திருந்தார்.

திறப்பு நாள் நல்ல வெயில். ஆயர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பந்தைத் தூக்கிப் போட்டார், எதிரணி பக்கத்துக் கவுண்டியின் பெரிய கிளப், கூட்டம் சுவர்மேலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் பாதியில் ஜார்லத் எதிர்ப்பக்கத்து கோலில் தீயாக ஆடினான். இரண்டாம் பாதியில் ஆற்றுப்பக்கத்து கோலை நோக்கி ஓடினான், ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், புதுப் புல்லில் கால் வைத்தான், வழக்கம்போல இடப்பக்கம் பார்க்காமல் பந்தைத் தட்டினான். அங்கே யாரும் இல்லை. பந்து திரும்பி வந்தது. நான் பார்த்தேன் டிம்ப்னா, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தரையில் பட்டு எகிறியதல்ல, ஒருவன் வாங்கித் திருப்பித் தட்டுவதுபோல நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. என் பக்கத்தில் இருந்தவர், "காத்துதான், காத்துதான்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார், கொடிகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. ஜார்லத் பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கோல் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. அவன் அதைவிட்டு வேறு பக்கம் நடந்தான், திரும்பினான், வட்டம் சுற்றினான், திகைப்பூண்டை மிதித்து வழி மறந்தவன் மாதிரி கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே போனான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், எதிரணிக்காரன் ஒருவன், "டேய், கம்பம் இங்க இருக்கு, மெழுகுத்திரி ஏத்திக் காட்டவா?" என்றான். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. மலாக்கி உள்ளே ஓடி அவன் தோளைப் பிடித்து அந்தப் புல்லைவிட்டு வெளியே இழுத்த பிறகுதான் அவனுக்குக் கண் தெரிந்தது. அன்றைக்குத்தான் குடித்துவிட்டு ஆடினான் என்ற பேச்சு கிளம்பியது, அதுதான் கடல் தாண்டி உன் காதுவரை வந்திருக்கிறது.

மற்றவர்கள் அந்தப் புல்லில் ஓடினார்கள், விழுந்தார்கள், கோலும் அடித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் டீயைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கம்பமும் இல்ல, கூட்டமும் இல்லம்மா. ஒரு சின்ன வயல், சுத்திக் கல்லு சுவரு, உள்ள போக வர ஒரு வழிகூட இல்ல. தரையெல்லாம் சின்னச் சின்னக் கல்லு நட்டு வெச்சிருக்கு, ஒரு முள்ளுச் செடி. யாரோ என்கூட ஓடி வந்தான். என் காலடிதான்னு நெனச்சேன், நான் நின்ன பெறகும் கேட்டுச்சு." அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "புல்ல எங்கேர்ந்துடா வெட்டினாங்க?" என்று கேட்டார். கீழ்வயல் என்று அவன் சொன்னதும் இந்த மனிதர், மாடு செத்தபோதுகூட முகம் மாறாத மனிதர், சேசு மரி சூசையே என்று தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் டிம்ப்னா, என் மூத்த மகனை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது, ஜார்லத்துக்குத் தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று தெரிந்தது. அந்த வாரம் ஜெர்சிகள் துவைக்கிற முறை நம் வீட்டுடையது. மூட்டையைப் பிரித்தபோது, யாருக்காவது கிழிந்தால் கொடுக்க என்று மடித்து வைத்திருந்த உபரி ஜெர்சி, அன்றைக்கு யாருமே போடாதது, முழங்கைவரை புல்கறையும் மண்ணுமாக இருந்தது. நான் அதைத் தொட்டியில் போடவில்லை, வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் மலாக்கி வெளுத்துப்போனார். "எங்கம்மா அந்த வழியா போனாலே சிலுவை போட்டுக்கும், பக்கத்து வயல் காளைக்குப் பயந்துன்னு நெனச்சேன், கல்லெல்லாம் சும்மா வயல் கல்லுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வேலி ஓரம் போய் நின்று அழுதார், அவருக்கும் அங்கே யாராவது இருக்கக்கூடும். நீங்கள் சொன்னால் ஒழிய ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தொட மாட்டோம் என்று கிளப்பில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். புதுச் சாமியார் நல்ல மாதிரிதான், கோல் வாசலில் தீர்த்தம் தெளித்து ஒரு செபம் சொல்கிறேன், எல்லாம் அடங்கிவிடும் என்று வந்தார். எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழவில்லை என்று அவனை வெளியே நிறுத்தினீர்கள், இன்றைக்கு அதே தண்ணீரைத் தெளித்து அவனை விரட்டப் போகிறீர்களா என்று வாசலிலேயே கேட்டுவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது, தொப்பியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார். அப்புறம் ரொட்டி சுட்டு அனுப்பினேன்.

ஆனால் ஜார்லத்துக்கு அந்தப் புல்லை எடுக்கவே இஷ்டமில்லை. வேலை முடிந்தால் கவுண்டிப் பயிற்சிக்குப் போகாமல் நேராகக் கிளப் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். வீட்டில் சாப்பாடு ஆறிக் கிடக்கும். கூப்பிடப் போனால் கோல் வாசலில் தனியாக ஓடிக்கொண்டிருப்பான், இடப்பக்கம் தட்டுவான், வாங்குவான், தட்டுவான், வாங்குவான். நான் சுவருக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பயமாகவும் இருந்தது, என்னை மன்னித்துக்கொள், சந்தோஷமாகவும் இருந்தது. அவன் சிரிக்கிற சத்தம் கேட்கும், சில சமயம் அந்தச் சத்தம் முடிவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். எடுத்துவிடலாம் என்று நான் வாயெடுத்தபோதெல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "விடும்மா, அவன் வெளையாட வந்திருக்கான். இத்தன வருஷமா நான் தட்டிட்டே இருந்தேன், இப்பதான் வாங்கிக்கறான். எவ்ளோ நல்லா ஆடறான் தெரியுமா, என்னைவிட நல்லா" என்று சொல்வான். அவனுக்கு உடம்பு வற்றிக்கொண்டே வந்தது, கன்னம் ஒட்டிவிட்டது, வேலைக்கு மட்டம் போட்டான், கவுண்டி அணிக்காரர்கள் இரண்டு தடவை வந்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் ஒன்றாக இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

முடிவு பண்ண வைத்த சாயங்காலம் ஒன்று வந்தது. ஜூன் கடைசி, ஒன்பது மணிக்கும் வெளிச்சம் அப்படியே இருந்தது, அபூர்வமாக அந்த வாரம் முழுவதும் மழை இல்லை, தரை காய்ந்து கிடந்தது. நான் சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். ஜார்லத் பந்தோடு ஓடி வந்து புதுப் புல்லில் ஏறினான், இடப்பக்கம் தட்டினான், அப்புறம் அவன் இல்லை. கம்பம் இருந்தது, வலை இருந்தது, புல் இருந்தது, என் மகன் மட்டும் இல்லை. மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் எத்தனை தடவை சொன்னேனோ, அதே இடத்தில் அவன் வந்து நின்றான், மூச்சிரைக்க, முழங்கால் வரைக்கும் பனியில் நனைந்து, தலைமுடியில் முள்ளுச் செடியின் வெள்ளைப் பூ ஒட்டிக்கொண்டு. இங்கே அந்தப் பூ உதிர்ந்து ஒரு மாதம் ஆகிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான். "சுவத்துல ஒரு எடம் லேசா தெறந்திருந்துச்சும்மா, அதான் வந்தேன். அடுத்த தடவ தெறந்திருக்குமான்னு தெரியல" என்று சொன்னான், மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி. நான் அவன் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன், வருகிற வழியிலேயே மலாக்கி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சனிக்கிழமை காலையில் கிளப்பே வந்து நின்றது, மண்வெட்டியும் டிராக்டருமாக. பத்தை பத்தையாகப் பெயர்த்து, வைக்கோல்மேல் அடுக்கி, கீழ்வயலுக்கு மெதுவாகக் கொண்டுபோனார்கள், வழியில் வீட்டு வாசல்களில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், சவ ஊர்வலத்துக்குச் செய்வதுபோல. வழி தவறாமலிருக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள் இல்லையா, அப்பா ஜார்லத்தைக் கோட்டைத் திருப்பிப் போட வைத்துத் தன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஜார்லத் கண்ட அதே சின்னக் கற்களில் எது நம்முடையது என்று தடியால் காட்டினார், இத்தனை வருஷத்தில் ஒரு விரல்கடை தப்பவில்லை அவருக்கு. கடைசிப் பத்தையை நான் தூக்கிக்கொண்டு போனேன். சால்வையில் சுற்றிய கைக்குழந்தை அளவு கனம் இருந்தது. என் மூத்த பிள்ளையை நான் தூக்கியதே இல்லை டிம்ப்னா, அன்றைக்குத்தான் தூக்கினேன், தூக்கிக்கொண்டுபோய் மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உயிரோடு இருக்கிறவனுக்காக அவனை இரண்டாம் தடவையும் வெளியே அனுப்பியவள் நான்தான், இந்தத் தடவை எந்தச் சாமியாரும் சொல்லவில்லை. நான் செய்தது சரிதான். சரி என்பதால் வலி குறைந்துவிடவில்லை.

ஜார்லத் இப்போது சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், போன ஞாயிற்றுக்கிழமை கவுண்டிக்காக ஆடினான். மூன்று பாயின்ட் அடித்தான், தப்பில்லாத ஆட்டம், ஆனால் பத்தோடு பதினொன்று. இடப்பக்கம் ஒரு தடவைகூடத் தட்டவில்லை, தடுக்கிறவன் எந்தப் பக்கமும் ஏமாறவில்லை. பழைய மாயம் போய்விட்டது என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள், இந்த வருஷம் கோப்பை வராது என்று எல்லோருக்கும் தெரிகிறது, கடையில் என்னைப் பார்த்தால் பேச்சை மாற்றுகிறார்கள். எழுதட்டும், பேசட்டும். ஆட்டம் முடிந்து வந்தவனிடம், பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன், கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை. "யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டான். அந்த ஒரு வார்த்தையைத் தவிர என்னோடு முகம் கொடுத்துப் பேசி இரண்டு வாரம் ஆகிறது. பேசாவிட்டாலும் பரவாயில்லை, ராத்திரி அவன் அறையில் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்கிறதே, அது போதும் எனக்கு. நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, ஆட்டத்தைப் பற்றி எழுதாதே, பிள்ளைகளின் குறும்பை எழுது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் காவல் எப்போதும் இருக்கட்டும், சாலையைக் கடக்கும்போது அவர்கள் கையை விடாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. அங்கே யாராவது ஜார்லத் குடிக்கிறான் என்று சொன்னால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் பிள்ளைகள் என்றைக்காவது தங்களுக்குத் தாய்மாமன் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு பேர் என்று சொல். ஒரு மாமன் பந்தாட்டக்காரன் என்று சொல். இன்னொருவனும்தான்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
ஹனோரா கிரியலி